சிறு துளையும் பெரு நோயும்

விழாமலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபொழுது, அவர்கள் எதிர்பார்த்தது பழைய ஆசிரியர்களைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் சில நினைவுகளையே என்பதை நாம் அறிவோம். அவற்றை எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ எமது தலைக்குள் வளர்ந்த ஒரு கட்டி. மங்கல மலருக்கு இஃது ஏற்குமோவென்று சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆயினும், இம்மலர் தோட்டத்து லயங்களுக்கும், கடைத்தெருவுக்கும், கடல் கடந்து வாழும் நம்மவர் இல்லங்களுக்கும் செல்லும். பல ஆண்டுகள் அலுமாரியிற் கிடந்து, என்றோ ஒருநாள் எவரோ ஒருவராற் புரட்டப்படும். அத்தகைய ஒருவருக்காகவே இதனை எழுதுகின்றோம்.

எமது நோய் முதலில் வெளிப்பட்டது தேர்த்திருவிழாவன்று. மாசிமகத்திலே மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிவலம் வருங் காட்சியை அறியாதார் இம்மாவட்டத்தில் இலர். அன்று நாம் இருபுறத்தும் நின்றாரோடு ஓயாது மோதிக்கொண்டே சென்றோம். கற்பூரச்சட்டி ஏந்திவந்த ஓர் அம்மையாரை இடித்து, அவரது வசவையும் வாங்கிக்கொண்டோம். நேரே நோக்கினால் தேர் துலக்கமாகத் தெரிந்தது; வடம் பிடிப்பாரோ தெரிந்திலர். கூட்டத்தின் குற்றமென்று அதனை விட்டுவிட்டோம். பின்னர்த் தலைவலி வந்தது. நெற்றியின் பின்னே யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போன்ற வலி. வெள்ளெழுத்து முற்றிவிட்டதெனக் கண்ணாடியை மாற்றினோம். ஓராண்டிற்குள் மூன்று கண்ணாடிகள் மாறின. மூன்றாவது கண்ணாடியை விற்றவர், கண்ணில் ஒரு குறையுமில்லை, மனத்தளர்ச்சியே காரணமென அறிவுரையும் சேர்த்து விற்றார். கண்ணூறு கழிக்க வேண்டுமென்றனர் உறவினர்; சனிதோஷமென்றார் சாத்திரியார். இவற்றுள் ஒன்றையும் நாம் முழுமையாக நம்பவில்லை. ஆயினும் எல்லாவற்றையும் செய்தோம் என்பதை ஒளிப்பானேன்?

உண்மையைக் கண்டவர் ஓர் இளம் பெண் வைத்தியர். அதற்கு அவர் எந்தக் கருவியையும் பயன்படுத்தவில்லை. எம்மெதிரே கதிரையை இழுத்துப் போட்டமர்ந்து, எமது ஒரு கண்ணை மூடச்செய்து, தம் மூக்கையே நோக்குமாறு கூறிவிட்டு, இருபுறத்தும் தம் விரல்களை அசைத்து, எத்தனை விரல் எனக் கேட்டார். உட்பக்கத்து விரல்களை எண்ணிச் சொன்னோம். வெளிப்பக்கத்தில் விரலே இல்லையென்றோம். மற்றைக் கண்ணிலும் அவ்வாறே. அரைநிமிடத்தில் முடிந்த சோதனை அது. “ஐயா, உங்களுக்குக் கண்ணிலே நோயில்லை, கண்ணுக்குப் பின்னாலே இருக்கிறது” என்றார்.

இதன் காரணம் எளிது. இரு கண்களிலிருந்தும் செல்லும் நரம்புகள் மூளையின் அடியில் ஓரிடத்திற் சந்திக்கின்றன. இரு கண்களுக்கும் வெளிப்புறத்து உலகைக் காட்டும் நார்கள் அவ்விடத்தில் ஒன்றையொன்று குறுக்கே கடந்து மறுபக்கம் செல்கின்றன. அச்சந்திக்கு நேர் கீழே, எலும்பாலான ஒரு சிறு குழியில், பயறளவினதாகிய கபச்சுரப்பி அமர்ந்திருக்கின்றது. அதிலே கட்டி தோன்றி மேனோக்கி வளருமாயின், முதலில் நசுங்குவன குறுக்கே கடக்கும் அந்நார்களே. அதனால் இரு பக்கத்துப் பார்வையும் ஒடுங்கி, மனிதன் வண்டிக்குதிரைபோல் நேரே மட்டும் காண்பவனாகின்றான். இவ்வொடுக்கம் மெல்ல மெல்ல நிகழ்தலால் அவன் அதனை உணர்வதில்லை. வேறு சிலருக்கோ இக்கட்டி பார்வையைத் தொடுமுன்னரே வேறு வகையில் தன்னைக் காட்டும்: மோதிரம் விரலில் ஏறாது, செருப்பின் அளவு பெருகும், கருவுறாத பெண்ணுக்குப் பால் சுரக்கும், மாதவிலக்கு நின்றுவிடும். இவற்றை மூளையோடு தொடர்புபடுத்தி எண்ணுவார் நம்மிடையே எத்தனை பேர்?

ஸ்கேன் படம் வந்தது. அந்நாள் முதல் எம் வீட்டில் ஒரு புதுப்பழக்கம் தோன்றிற்று. நாம் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். வைத்தியர்கூட எம் மைத்துனரை அழைத்தே பேச விரும்பினார். நோயாளிக்கு அவன் நோயை மறைப்பதே அன்பு என்பது நம்மவர் கொள்கை. அதனை நாம் ஏற்கோம். கட்டி எமது, தலை எமது, அறியவேண்டியவரும் நாமே. ஹங்கேரி நாட்டு எழுத்தாளர் பிரிஜ்யெஷ் கரிந்தி என்பார் 1936ஆம் ஆண்டு மார்ச்சில் ஒரு மாலைப்பொழுது புடாபெஸ்ற் நகரத்துக் காப்பிக்கடையில் அமர்ந்திருந்தபொழுது, புகைவண்டி இரைந்து செல்லும் ஓசையைக் கேட்டார். அத்தெருவிற் புகைவண்டி இல்லை. அடுத்தடுத்த நாட்களிலும் வண்டிகள் தவறாமற் புறப்பட்டன. அவர் மனைவியார் ஒரு வைத்தியர். நண்பர் பலரும் வைத்தியர்கள். ஆயினும் ஒருவருஞ் சொல்லுமுன்னரே, தமது தலையிற் கட்டியுண்டென்பதை அவர் தாமாகவே ஊகித்துக்கொண்டார். பின்னர் ஸ்ரொக்ஹோமுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஒலிவெக்குரோனா என்னும் சத்திரவைத்தியராற் சிறுமூளையிலிருந்த கட்டி அகற்றப்பெற்றார். அக்காலத்து வழக்கப்படி முழுமயக்கம் கொடாது, தோலை மட்டும் மரக்கச்செய்து, மண்டையோடு துளைக்கப்படும் ஓசை தம் செவியிலே கேட்கக் கிடந்தார். 1937இல் அவ்வனுபவத்தை நூலாக வெளியிட்டார், 1938இல் மறைந்தார். வைத்தியர் எழுதிய நூல்கள் ஆயிரமிருக்க, கத்திக்குக் கீழே கிடந்தவன் எழுதிய நூல் என்பதே அதன் தனிச்சிறப்பு. மறைத்துவைத்த நோயைப் பற்றி எவரால் அங்ஙனம் எழுதமுடியும்?

தலையைத் திறப்பதென்றவுடன் எல்லோர்க்கும் எழும் முதலச்சம் உயிரைப் பற்றியதன்று; நினைவைப் பற்றியது. எமக்கும் அவ்வாறே. எமது நகருக்கு வடக்கே அலுவிகாரையில், கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டிலே, வாய்வழியாகவும் நினைவிலும் மட்டும் காத்துவந்த திரிபிடகத்தைப் பௌத்த துறவிகள் அழிந்துவிடுமென அஞ்சி ஓலையில் எழுதினர் என்பது வரலாறு. பள்ளிப்பருவத்திற் பலமுறை அங்கு சென்றிருக்கின்றோம். அவர்களுடைய அச்சம் எமக்கு விளங்கியது சத்திரசிகிச்சைக்கு முந்திய வாரத்திலேதான். ஓர் அப்பியாசக் கொப்பியை வாங்கி, காணி உறுதி இருக்குமிடம், கொடுக்கவேண்டிய கடன், வரவேண்டிய கடன், பேரப்பிள்ளைகளின் நட்சத்திரம், பழைய வகுப்புத் தோழர் பெயர்கள் என்று இரவிரவாக எழுதினோம்.

இவ்வச்சம் முற்றிலும் வீணானதன்று. மொன்றியல் நகரத்துப் பேரறிஞர் வைல்டர் பென்பீல்ட் 1928இல் தம் சொந்தத் தமக்கையாரின் மூளைக்கட்டியைத் தம் கையாலேயே அகற்றினார். முன்மூளையின் வலப்பகுதியிற் பெரும்பங்கை வெட்டியெடுக்க நேர்ந்தது. தமக்கையார் எழுந்து நடந்தார், பேசினார், ஆறு பிள்ளைகளின் தாயாகத் தம் இல்லம் சேர்ந்தார். சில காலத்தின் பின் தம்பிக்கும் வீட்டாருக்கும் இராப்போசனம் சமைக்க ஆசையோடு முனைந்தார். குறித்த நேரத்தில் தம்பி வந்து நோக்க, சில பண்டங்கள் அடுப்பிலிருக்க, சில தொடப்படாதிருக்க, எதன்பின் எதைச் செய்வதென்றறியாது அவ்வம்மையார் கலங்கி நின்றார். ஒவ்வொரு பண்டத்தையும் அவர் சமைக்க அறிவார். வரிசைப்படுத்தும் ஆற்றல் மட்டும் போய்விட்டது. 1931இல் அவர் காலமானார். நலமுள்ள மூளையைத் தொடாது நோயுள்ள இடத்தை மட்டும் தொடுவது எங்ஙனம் என்பதே அன்றுதொட்டு இத்துறையின் தலையாய வினாவாயிற்று. அவ்வினாவுக்கு ஒரு விடையாகவே நோயாளியை விழித்திருக்கச் செய்து, பேச்சையும் அசைவையும் சோதித்துக்கொண்டே வெட்டும் முறை வளர்ந்தது. 2017இல் ஆந்திரத்துக் குண்டூரில் ஒரு தாதிக்கு அவ்வாறு சத்திரசிகிச்சை செய்தபொழுது அவர் ‘பாகுபலி’ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரெனப் பத்திரிகைகள் வியந்து எழுதின. வியப்புக்குரியது படமன்று, அவர் பேச்சு அழியாது காக்கப்பட்டமையே.

பென்பீல்ட் 1934இல் நிறுவிய நிலையத்திலே பயின்றவர் யேக்கப் சாண்டி. அவர் 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியற் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தி தொடங்கினார். கொழும்பில் 1950களில் ஷெல்ரன் கப்ரால் இத்துறைக்குக் கால்கோளிட்டார். அக்காலத்தில் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத் தீவிலிறங்கி வேலூருக்குச் செல்லும் வழி ஒன்று இருந்தது. இன்று எம்போன்றார்க்கு ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கண்டியிலேயே நரம்பியற் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு.

எமக்குச் செய்யப்பெற்றது மண்டையோட்டைத் திறவாத சத்திரசிகிச்சை. மூக்குத் துவாரத்தினூடே நான்கு மில்லிமீற்றர் அளவினதான உள்நோக்குக் குழாயைச் செலுத்தி, பின்னாலுள்ள எலும்பறையைக் கடந்து, சுரப்பி அமர்ந்திருக்குங் குழியின் மெல்லிய அடித்தளத்தைத் துளைத்து, கட்டியைச் சுரண்டி எடுத்தனர். மூக்குவழி மூளையை அடையலாமென்பது பிணத்தைப் பதப்படுத்திய எகிப்தியருக்கும் தெரிந்ததே. உயிருள்ளவனிடம் செய்வதுதான் வேறு. 1907இல் இன்ஸ்புறுக் நகரத்தில் ஹேர்மன் ஷ்லொவ்வர் மூக்கை ஒருபுறமாக அறுத்துத் திருப்பி இவ்வழியை முதன்முதலில் திறந்தார். அமெரிக்காவில் ஹார்வி குஷிங் இவ்வழியிற் பலருக்குச் செய்து, ஈற்றில் இதனைக் கைவிட்டு மேலிருந்து திறக்கலானார். குரு கைவிட்டபின் உலகமும் பெரும்பாலும் கைவிட்டது. எடின்பரோவிலிருந்து வந்து அவரிடம் பயின்ற நோர்மன் டொட்டோ கைவிடவில்லை. டொட்டிடமிருந்து பாரிஸ் நகரத்துக் கீயோவும், கீயோவிடமிருந்து மொன்றியல் ஜூல் ஹார்டியும் கற்றனர். ஹார்டி 1960களில் இதற்கு நுணுக்குக்காட்டியைக் கொண்டுவந்தார். ஆங்கிலேயப் பௌதிகவியலாளர் ஹரோல்ட் ஹொப்கின்ஸ் வகுத்த கோல்வடிவ வில்லைகளால் உள்நோக்குக் குழாய் தெளிவுபெற, 1990களில் பிற்ஸ்பேர்க்கில் அக்குழாய் ஒன்றைக்கொண்டே முழுவேலையையும் செய்யத் தொடங்கினர். ஒரு மாணாக்கன் ஆசிரியனைப் பின்பற்றாமையால் அன்றோ இவ்வித்தை பிழைத்தது! கல்லூரி மலரிற் சொல்லத்தக்க செய்திதானோ என ஐயுறினும் சொல்லிவைக்கின்றோம்.

எமக்கு முழுமயக்கம் கொடுத்தமையால் சத்திரசிகிச்சை பற்றி நாம் சொல்லக்கூடியது ஒன்றுமில்லை. விழித்தபொழுது மூக்கு அடைபட்டு வாயால் மூச்சுவிட்டோம். தொடையில் ஒரு சிறுவடு. அங்கிருந்து கொழுப்பெடுத்து, திறந்த எலும்பை அடைத்திருந்தனர். தாதியர் எமது சிறுநீரை ஒவ்வொரு முறையும் அளந்தெழுதினர். கபச்சுரப்பி கலங்கினால் உடலின் நீர் அடங்காது வெளியேறுமென்பது பின்னரே விளங்கிற்று. மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிகின்றதா, தொண்டையில் உப்புக் கரிக்கின்றதா எனப் பன்முறை கேட்டனர். அது மூளையைச் சூழ்ந்த நீர் கசிவதற்கு அறிகுறியாம். மூக்குச் சீறுதலாகாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்மவேண்டும். இரண்டாம்நாட் காலை, அடுத்த கட்டிலில் இருந்தவர் இடப்புறத்தில் தேநீர் அருந்துவதைத் தலையைத் திருப்பாமலே கண்டோம். சிறிதுநேரம் அதனை எவரிடமும் சொல்லவில்லை.

வீடு திரும்பியபின் எவரும் முன்கூட்டிச் சொல்லாத துன்பமொன்று வந்தது. மணம் அற்றுப்போயிற்று. ஏலமும் கராம்பும் சாதிக்காயும் மிளகும் விளையும் மாத்தளையில் வாழ்பவனுக்கு மணமில்லாத வாழ்வு எத்தகையதென்பதைப் பிறர் அறியார். மழைபெய்த தோட்டத்தில் நின்றும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது போலிருந்தது. இரண்டு மாதம் உப்புநீரால் மூக்கைக் கழுவியபின் ஒருநாள் அடுப்படியிற் கொத்தமல்லி வறுபட்டதை அறிந்தோம். மாத்திரைகளோ இன்றும் நிற்கவில்லை.

இனி எம் கருத்துக்கு வருவோம். எம்மைக் காணவந்தவர் யாவரும் நெற்றியைப் பார்த்தனர், தழும்பில்லை, “அட, சின்ன ஒப்பரேசன்தானே!” என்று சென்றனர். அவருள் ஒருவர் தம் தம்பிக்கும் மூளைக்கட்டி என்றும், மண்டையைத் திறக்கவேண்டுமெனக் கூறும் வைத்தியரை விட்டு இத்தகைய சின்ன ஒப்பரேசன் செய்பவரைத் தேடப்போவதாகவுங் கூறினார். எமக்குத் திக்கென்றது. துளையின் அளவைக்கொண்டு நோயை அளப்பது பெரும்பிழை. அமெரிக்கச் செனற்றர் ஜோன் மக்கெயினுக்கு 2017 ஜூலை 14ஆம் நாள் இடப்புருவத்திலே சிறு வெட்டொன்றிட்டு மூளைக்கு அருகிருந்த இரத்தக்கட்டியை அகற்றினர். பதினொரு நாளில் அவர் மீண்டும் சபைக்கு வந்தார். கண்ணுக்கு மேலே தையலோடு நின்று உரையாற்றினார். 28ஆம் நாள் விடியுமுன் தம் கட்சியினரின் சுகாதார மசோதாவைக் கட்டைவிரலைக் கீழ்க்காட்டித் தோற்கடித்தார். உலகம் வியந்தது. ஆனால் எடுத்த பொருளைச் சோதித்தபொழுது கண்டது கிளையோபிளாஸ்ரோமா என்னும் கொடிய புற்று. 2018 ஓகஸ்ட் 25ஆம் நாள் அவர் மறைந்தார். எம் கட்டியோ புற்றன்று. அவரது வெட்டும் எமது துளையும் ஒரேயளவு சிறியவை. நோய்கள் மலையும் மடுவும்.

எந்தக் கட்டிக்கு எந்த வழி என்பதை அது இருக்குமிடமும், அளவும், மென்மையும், அருகே ஓடும் நாளங்களும் தீர்மானிக்கின்றனவேயன்றி நோயாளியின் விருப்பமன்று. சில கட்டிகளுக்கு மண்டையோட்டை அகலத் திறப்பதே பாதுகாப்பு. சிலவற்றைத் தொடாது ஆண்டுதோறும் படம்பிடித்துக் காத்திருத்தலே தக்கது. “சிறிய” என்னுஞ் சொல்லை விளம்பரப் பலகையில் எழுதி நோயாளரை அழைக்கும் வழக்கம் எங்கிருந்தாலும் அது எமக்கு உடன்பாடன்று.

மறுபுறத்தில், மூளைக்கட்டி என்ற சொல்லைக் கேட்ட அளவிலேயே எமனோலை வந்ததென வீட்டிற் கிடந்து கண்ணிழப்பாரும் உளர். எமக்கு நேர்ந்த வகைக் கட்டியிற் காலந்தாழ்த்தாது சென்றால் பார்வை பெரும்பாலும் மீளும். நரம்பு நெடுங்காலம் நசுங்கிக் கிடந்து வாடிவிட்டால் எவ்வளவு நேர்த்தியான சத்திரசிகிச்சையும் அதனை மீட்காது. எமது வலக்கண்ணின் ஓரத்தில் ஒரு நிழல் இன்னும் நிற்கின்றது. மூன்று கண்ணாடிகளுக்குச் செலவிட்ட ஓராண்டின் விலை அது.

நாம் ஓய்வூதியம் பெறுபவர், மகன் உழைக்கின்றான். அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குப் பணம் வாங்கவில்லை என்பதை நன்றியோடு குறிக்கின்றோம். ஆயினும் ஸ்கேன் எடுக்கும் நிரல் நீண்டதால் முதற்படத்தை வெளியே காசுகொடுத்து எடுத்தோம். இறத்தோட்டைக்கோ எல்கடுவைக்கோ அப்பாலுள்ள தோட்டத்தில் நாட்சம்பளத்திற்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி என்ன செய்வாள்? கிளினிக் நாளில் அவளுக்குச் சம்பளமில்லை; துணைவருபவருக்கும் இல்லை. விடியுமுன் இறங்கி, இரண்டு பஸ் மாறிக் கண்டி சேர்ந்து, மாலையில் “அடுத்த கிழமை வா” என்னுஞ் சொல்லோடு திரும்புவாள். மூன்றாம் முறை போகமாட்டாள். பக்கப்பார்வை குன்றியவள் மழைநாளில் மலைச்சரிவின் கான்களைத் தாண்டுவதை எண்ணிப் பாருங்கள். கால் தவறி விழுந்தால் கவனக்குறைவென்பர்.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தார் முன் இரண்டு வேண்டுகோளை வைக்கின்றோம். விழாவையொட்டி நினைவுவளைவு ஒன்று கட்டுவது பற்றிப் பேச்சு நடக்கின்றதெனக் கேள்வி. வளைவு அழகானதே. எனினும் அத்தொகையின் ஒரு பகுதியைக் கொண்டு கண்டி வைத்தியசாலைக்கு அண்மையில் இரண்டறையேனும் வாடகைக்கெடுத்து, மாத்தளை மாவட்டத்து நோயாளருக்கும் துணைவருவோருக்கும் ஓரிரவு தங்கவும் பஸ்கூலி பெறவும் வழிசெய்யலாகாதா? எம் மாணவருட் பலர் அந்த லயங்களிலிருந்தே வந்தவர்கள். அங்கே செய்தி கொண்டுசெல்ல அவர்களைவிடத் தகுந்தவர் யார்?

மற்றது செலவற்றது. உயர்வகுப்பில் உயிரியல் கற்பிக்கும் ஆசிரியர், கண்ணைப் பற்றிய பாடத்தின்போது மாணவரை இருவர் இருவராக எதிரெதிரே அமர்த்தி, அவ்விளம் வைத்தியர் எமக்குச் செய்த விரற் சோதனையைச் செய்விக்கலாம். பின்னர் வீட்டிலே பாட்டனுக்கும் தாய்க்கும் செய்து பார்த்து வரச் சொல்லலாம். எமது பேரப்பிள்ளைகள் இருவரும் இதனைக் கற்றுக்கொண்டு, வீட்டுக்கு வருவோரையெல்லாம் கதிரையில் இருத்தி விரல் காட்டுகின்றனர். பால்காரர் ஒருவரே மறுத்தவர்.

அறைகளுக்கான நிதிக்கு முதற்பங்காக எமது ஒருமாத ஓய்வூதியத்தைச் சங்கப் பொருளாளரிடம் சேர்ப்பித்துள்ளோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனைப் பிரேரிப்போம். வழிமொழிவார் ஒருவர் வேண்டும். கூட்டத்திற்கு முந்திய வாரத்தில் எமக்கு மறுபடியும் ஸ்கேன் உண்டு. அதன் முடிவையும் அங்கே மறையாது சொல்வோம்.